பாவாடையில் வடித்த காப்பி

பாட்டு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த ஏப்ரல் மாதக் காலையில் நான் எண்ணெய்ச் சட்டியின் முன் நின்றுகொண்டிருந்தேன். பொரித்த சோள அடையின் வயிற்றைக் கீறி, முட்டையை உடைத்து உள்ளே ஊற்றி, மாவால் வாயை அடைத்து மறுபடி எண்ணெயில் இறக்குகிற நேரம். கவனம் சிதறினால் முட்டை சட்டியில் கொட்டிவிடும். அப்போது பார்த்து வாயேதுபார் நகரத்துப் பேருந்து தூங்குமூஞ்சி மரத்தடியில் வந்து நின்றது. ஓட்டுநர் என்ஜினை அணைத்தார், ரேடியோவை அணைக்கவில்லை. உள்ளேயிருந்து ஓர் அக்கார்டியன் இழுத்தது.

அந்த இழுப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும். என் புருஷன் கலிஸ்தோ பதினோரு வருஷமாக அந்த அக்கார்டியனுக்குத்தான் மேளம் அடிக்கிறான்.

"கொமாத்ரே! நம்ம எவேலியோ! ரேடியோவுல வந்துட்டான்!" என்று கத்தினேன்.

பக்கத்து அடுப்பில் எதெல்வினா காப்பி வடித்துக்கொண்டிருந்தாள். என் மகளுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தாயாக நின்றவள் அவள்தான். அதனால் எங்களுக்குள் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். தெரிந்தவன் ஒருத்தன் பெரிய ஆளாகிவிட்ட சந்தோஷம். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பாட்டு இந்த இடத்துக்கு வந்துவிட்டது:

எந்தப் பாதையில் போனாலும் என் குதிரை
உன் மரத்தடியில் வந்து நிற்கிறதே;
பாவாடை ஓரத்தில் வடித்தாயோ காப்பியை,
சொல்லிவிடு, எதெல்வினா.

பேருந்தில் இருந்த அத்தனை தலையும் எங்கள் பக்கம் திரும்பின. எங்கள் லா ஓர்க்கேத்தா ஊரில் மரத்தடியில் காப்பி விற்கிற எதெல்வினா ஒருத்திதான் உண்டு. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் காப்பிக் குவளையை வாயருகே கொண்டுபோனவர், அப்படியே நிறுத்தி உள்ளே உற்றுப் பார்த்தார். என் முட்டை சட்டியில் கொட்டிப் பொரிந்தது.

பாட்டு நின்றபாடில்லை.

ஆற்றில் முழுகினேன், ஆலயத்தில் அழுதேன்,
அருவதாத் தழையைத் தலையணையில் வைத்தேன்;
விடமாட்டேன் என்கிறது உன் வெல்லத்தின் ருசி,
கட்டை அவிழ்த்துவிடாதே, எதெல்வினா.

எங்கள் கரையில் இதை நம்பாதவர்கள் கிடையாது. ஒருத்தி மூன்று நாள் உடுத்திய உள்பாவாடையின் ஓரத்தில் காப்பியை வடித்து ஒருத்தனுக்குக் கொடுத்துவிட்டால், அதற்குப்பின் அவன் கால் வேறு வாசலை மிதிக்காது. எங்கள் பாட்டுகளில் பாதி இப்படிப்பட்ட மருந்துகளால் ஆனவை. தேன்சிட்டின் இதயத்தை உலர்த்திச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறவன், புனித யோவான் திருநாளன்று தண்ணீரில் முட்டையை உடைத்து ஊற்றி, வரப்போகிறவன் முகத்தை அதில் தேடுகிறவள், தன் முடியை அவன் தலையணைக்குள் தைத்துவைக்கிறவள். பாடுகிறவன் புகார்தான் சொல்கிறான், ஆனால் குரலில் கேட்பது நன்றி. "எனக்கு மருந்து வைத்துவிட்டாயே" என்று பழி போடுவதைக் காட்டிலும் பெரிய புகழ்ச்சி எங்கள் ஆண்களுக்குத் தெரியாது. அன்று அந்தக் கடைசி அடியைக் கேட்டபோது, பொய் சொல்வானேன், எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. கட்டி வைத்ததற்காக அழுது, அதை முறிக்கும் அருவதாத் தழையையும் வைத்துக்கொண்டே, அவிழ்த்துவிடாதே என்று கேட்கிறானே. இப்படி ஒரு வரி கிடைக்க ஒரு மனிதன் எவ்வளவு தவித்திருக்க வேண்டும்!

எதெல்வினாவுக்குச் சிலிர்க்கவில்லை. அவள் முகம் அடுப்புக் கல்போல ஆகிவிட்டது.

"கொமாத்ரே, இவன் என்ன சொல்றான்?" என்றாள்.

"உன்னைத்தான் சொல்றான்."

"ஆறு வருஷமா தினம் வந்து, 'ஒரு காப்பி', 'இன்னொண்ணு'. இந்த மூணு வார்த்தையைத் தவிர வேற எதையும் அந்த ஆளு என்கிட்டப் பேசினதில்லையே!"

அது உண்மை. எவேலியோ முன்பு பண்ணையில் மாடு ஓட்டியவன்; முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணமில்லை; அக்காள் வீட்டில் சாப்பாடு. அக்கார்டியனை மார்பில் மாட்டினால் கவர்னரையே கேலி பண்ணுவான், கழற்றி வைத்தால் சந்தையில் வாழைக்காய் விலை கேட்கக் கூச்சப்படுவான். எதெல்வினாவை "நீங்க" என்றுதான் கூப்பிடுவான், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு. அவளுக்கு முப்பத்து நான்கு. கேட்டு வந்த இரண்டு பேரை வேண்டாம் என்று சொன்னவள். வெல்லம் போட்ட கறுப்புக் காப்பியை அவளைப்போல வடிக்க செசார் ஆற்றின் இரண்டு கரையிலும் ஆள் இல்லை. ரகசியம் ஒன்றுமில்லை, கொட்டையைத் தானே வறுப்பாள், துணியைத் தினம் கழுவுவாள், அவ்வளவுதான்.

ஒரே வாரத்தில் பாட்டு கடலோர ஊர்கள் முழுதும் பரவியது. பருத்தி லாரிக்காரர்கள் வண்டியை மெதுவாக்கி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "எதெல்வினா, எந்தப் பாவாடைம்மா இன்னிக்கு?" என்று கத்திவிட்டுப் போனார்கள். உள்ளூர் ஆண்கள் இரண்டு வகையாகப் பிரிந்தார்கள். கல்யாணமாகாதவர்கள் வீரம் காட்டிக்கொண்டு வந்து, ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு, ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஓடினார்கள். கல்யாணமானவர்கள் மரத்தைச் சுற்றி எதிர்வாடை வழியாக நடந்தார்கள். காலை ஒன்பது மணிக்குக் காலியாகிற பானை மத்தியானம் வரை பாதி நிறைந்து கிடந்தது.

அதைவிடப் பெரிய தொல்லை பெண்கள். வாயேதுபாரிலிருந்து காரில் ஒரு சீமாட்டி வந்தாள். கறுப்புக் கண்ணாடி, கையில் விசிறி. எதெல்வினாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தத் துணியைக் குடுத்துடேன். வேற வழி தெரியலை எனக்கு" என்றாள்.

"அம்மா, இது கடையில வாங்கின மல்லுத் துணி. உங்க வீட்டுலயும் இருக்கும்" என்றாள் எதெல்வினா.

"அப்போ எத்தனை நாள் உடுத்தணும்? அதையாவது சொல்லு."

"உங்க வீட்டுக்காரரை உக்கார வச்சுப் பேசிப் பாத்தீங்களா?"

சீமாட்டி அழுதுகொண்டே காரில் ஏறினாள். எதெல்வினா அன்று முழுதும் சரியாக இல்லை. "பாவம் கொமாத்ரே அது. என்கிட்ட ஏதாவது இருந்திருந்தா அதுக்குக் குடுத்திருப்பேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் ஒரு காரியம் செய்தாள். காப்பித் துணியை எல்லோரும் பார்க்க மரத்தடிக் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு கிளைக்கு நடுவில் கயிறு கட்டி உலர்த்தினாள். எதிர்க் கறிக்கடையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த தோன்யா எமெரித்தா, "இது காட்டுற துணி. வடிக்கிற துணி வேற" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

தோன்யா எமெரித்தா கறிக்கடைக்காரரின் மனைவி; மூத்த பெண்களை நாங்கள் 'தோன்யா' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம். கண்ணேறு, செய்வினை, கட்டு, அவிழ்ப்பு எல்லாவற்றிலும் எங்கள் ஊரில் அவள் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. அவள் புருஷன் வீட்டுக் காப்பியைத் தொடுவதில்லை, மரத்தடிக்குத்தான் வருவார். தோன்யா எமெரித்தாவின் காப்பியை ஒருமுறை குடித்தவர்களுக்கு அவர் மரத்தடிக்கு வர மருந்து எதுவும் தேவைப்பட்டிருக்காது என்று புரியும். அவளுக்குப் புரியவில்லை.

ஜூன் மாதம் எவேலியோவும் என் புருஷனும் திரும்பி வந்தார்கள். பர்ரான்கியா நகரத்தில் இசைத்தட்டுப் பதிவு, அதன்பின் ஊர் ஊராகக் கச்சேரி. புதுத் தொப்பி, புதுச் செருப்பு. பேருந்திலிருந்து இறங்கிய எவேலியோ நேராக மரத்தடிக்கு வந்து தரையைப் பார்த்தபடி, "ஒரு காப்பி" என்றான்.

"இல்லை."

"தீந்துடுச்சா?"

"பானை நிறைய இருக்கு. உனக்கு இல்லை."

அவள் முதன்முறையாக அவனை ஒருமையில் பேசியதைக் கேட்டு நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"உங்களுக்குப் பாட்டுப் பிடிக்கலையா?" என்றான் எவேலியோ. நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. "எல்லா ஊர்லயும் எழுந்து நின்னு கைதட்டுறாங்க. கிழவிங்க அழுவுறாங்க. உங்க பேரை நான் எவ்வளவு உசத்தியா..."

"பாட்டுல 'நீ'ங்குற, நேர்ல 'நீங்க'ங்குற. இதுல நான் எந்த ஆள்கிட்டப் பேசணும்? பாட்டுக்குள்ள நீ காதலன். ஊருக்குள்ள நான் சூனியக்காரி. பேருந்துல போறவன் எல்லாம் என் பாவாடையைப் பாக்குறான். ஆறு வருஷமா மனசுல இருந்ததைக் கடலோர ஊர் பூரா சொல்லியிருக்க. என்கிட்ட மட்டும் சொல்லலை."

எவேலியோவின் கை தானாக அக்கார்டியன் பெட்டியின் கொக்கியைத் தேடியது.

"அதைத் திறந்தே, இந்தக் கொதிதண்ணியை அதுக்குள்ள ஊத்திடுவேன்" என்றாள் எதெல்வினா.

அன்று வீட்டில் கலிஸ்தோவை நான் விடவில்லை. "அவ பேரு பாட்டுல வருதுன்னு ஒரு கடுதாசி போடத் தோணலையா உனக்கு?"

"நான் மேளம் அடிக்கிறவன். வார்த்தை என் வேலை இல்லை" என்றான்.

எவேலியோவுக்குத் தெரிந்த பரிகாரம் ஒன்றே ஒன்றுதான். எட்டு வாரம் அக்காள் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து இன்னொரு பாட்டுக் கட்டினான். மருந்தும் இல்லை, மாயமும் இல்லை, துணி வெள்ளைத் துணி, காப்பி வெறும் காப்பி, கெட்டுப்போனது என் மனசு என்று பாட்டு. ஆகஸ்டு மாதத் திருவிழாவில், கோயில் முன் மேடையில், நல்ல பகல் வெளிச்சத்தில் பாடினான். அழகான பாட்டு. முதல் பாட்டைவிட எனக்கு இதுதான் பிடித்தது. ஜனம் அமைதியாகக் கேட்டது. முடிந்ததும் தோன்யா எமெரித்தா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"பாத்தீங்களா? அவன் வாயாலயே இல்லைன்னு சொல்ல வச்சுட்டா. அவ்வளவு பலமான கட்டு!"

கூட்டம் தலையாட்டியது. அந்தப் பாட்டும் ரேடியோவில் வந்தது. அதன்பின் எதெல்வினாவின் மரத்தடியில் பேருந்தே நிற்கவில்லை. நூறடி தள்ளி வெயிலில் நிறுத்தினார்கள். எனக்கும் வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் அவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செப்டம்பரில் ஒரு காலை தோன்யா எமெரித்தா ரத்தக்கறை படிந்த ஏப்ரனோடு தெருவைக் கடந்து வந்தாள். கொதிக்கிற பானையின் வாயிலிருந்து காப்பித் துணியைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். ஈரத்துணி எரியாமல் புகைந்தது. எதெல்வினாவின் புறங்கையில் கொதிகாப்பி தெறித்தது.

"என் வீட்டுக்காரருக்கு வச்ச கட்டு இதோட போச்சு" என்றாள் தோன்யா எமெரித்தா. அவளும் அழத் தயாராக இருந்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

எதெல்வினா பானையைக் கவிழ்த்தாள், அடுப்பை அணைத்தாள், வீட்டுக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் கற்றாழை மடல் ஒன்றை ஒடித்துக்கொண்டு நான் போனேன். தொங்குபடுக்கையில் உட்கார்ந்திருந்தாள். கையில் கற்றாழைச் சாற்றைத் தடவிவிட்டேன். அவளாகவே ஆரம்பித்தாள்.

"கொமாத்ரே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சிரிக்கக்கூடாது."

"சொல்லு."

"போன வருஷம் புனித யோவான் நாளுக்கு முந்தின நாள், நான் அதைச் செய்யப் பாத்தேன். பாவாடையைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டுப் பானை முன்னாடி நின்னேன். இந்த ஆளுக்காகத்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எவேலியோவுக்கா? உனக்கும் அவன் மேல...?"

"ஆறு வருஷமா ஒருத்தன் தினம் காலையில முதல் ஆளா வந்து நிக்கிறான். எனக்கு என்ன கண்ணு இல்லையா?"

"அப்புறம்?"

"வடிக்கலை. மடிச்சு உள்ள வச்சுட்டேன். வடிச்சிருந்தா அவன் வந்திருப்பான். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா சாகுற வரைக்கும் எனக்கு ஒரு விஷயம் தெரியாமலே போயிருக்கும், தானா வந்தானா, பாவாடைக்கு வந்தானான்னு. அந்தக் கேள்வியோட ஒரு மனுஷன்கூட எப்படி வாழுறது?" கையை ஊதிக்கொண்டாள். "இப்போ ஊரே அந்தக் கேள்வியைக் கேக்குது. நான் செய்யாததுக்கு."

எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. மருந்து பலிக்கும் என்று நம்பாதவள் அதைத் தொடாமல் விட்டால் அதில் என்ன இருக்கிறது? இவள் நம்பினாள், ஆசைப்பட்டாள், கையில் எடுத்தாள். பிறகு மடித்து வைத்தாள்.

மறுநாள் காலை எதெல்வினா வழக்கம்போல மரத்தடிக்கு வரவில்லை. கையில் கட்டோடு நேரே கறிக்கடைக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். தோன்யா எமெரித்தா கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"தோன்யா, சண்டைக்கு வரலை. ஒரு விவரம் கேக்க வந்தேன்" என்றாள் எதெல்வினா. "காப்பிக் கட்டுல சிக்கின ஒருத்தன், கட்டினவ கையால காப்பியே குடிக்காம இருந்தா, கட்டு தானா அவிழுமா?"

நிபுணரிடம் தொழில் சந்தேகம் கேட்டால் எந்த நிபுணர்தான் பதில் சொல்லாமல் இருப்பார்? "அவிழும்" என்றாள் தோன்யா எமெரித்தா. "நாப்பது நாள். அந்தக் காப்பி மட்டும் இல்லை, எந்தக் காப்பியும் கூடாது. தினம் காலையில கொய்யா இலைத் தண்ணி குடுக்கணும்."

"நாப்பது நாள் கழிச்சு?"

"சுத்தமா போயிடும். அவ தெருவுல எதிர்ல வந்தாலும் யாருன்னு கேப்பான்."

"அப்போ நீங்களே எவேலியோவைப் பொறுப்பெடுத்துக்குங்க. உங்க கையால தண்ணி குடுங்க. உங்க கண்ணு முன்னாடி இருக்கட்டும். நாப்பத்தோராவது நாள் அவனுக்கு என்ன தோணுதோ, பெட்டி இல்லாம, வெறும் வாயால சொல்லட்டும். யாருன்னு கேட்டான்னா நான் அடுப்பை எடுத்துக்கிட்டு எங்க அண்ணன் ஊருக்குப் போயிடுறேன்."

தோன்யா எமெரித்தா கத்தியைக் கீழே வைத்தாள். இப்படி ஒரு கௌரவம் அவளுக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை.

எவேலியோவிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அவன் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே கேட்டான். கடைசியில், "மரத்தடிக்கு வரலாமா? குடிக்கத்தான் கூடாதா?" என்றான்.

"வரலாம்."

"அப்போ சரி."

அன்றிலிருந்து நாற்பது நாள் எங்கள் ஊருக்கு வேறு பேச்சு இல்லை. தினம் காலையில் எவேலியோ கறிக்கடைக்குப் போவான். தோன்யா எமெரித்தா கொய்யா இலைத் தண்ணீர் கொடுத்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்ப்பாள். அதன்பின் அவன் தெருவைக் கடந்து வந்து மரத்தடிப் பெஞ்சின் கோடியில் உட்காருவான். எதெல்வினா அவனைப் பார்க்காமல் வேலை செய்வாள். அவன் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு எழுந்து போவான்.

முதல் வாரம் அவனுக்குத் தலைவலி. கண்ணைத் திறக்க முடியாமல் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "கட்டு வெளியேறுது" என்று தோன்யா எமெரித்தா விளக்கினாள். வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்தார்கள். சும்மா நிற்க முடியாமல் காப்பி வாங்கினார்கள். எவேலியோவின் மூக்குக்கு எதிரிலேயே ஊதி ஊதிக் குடித்தார்கள்.

"டேய் எவேலியோ, இன்னிக்கு வெல்லம் கொஞ்சம் தூக்கலா இருக்குடா!"

"வாசனையாவது பிடிச்சுக்கோ, அதுக்குத் தடையில்லை!"

அவன் கைக்குட்டையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

இருபத்தாறாவது நாள் ஆறு பெருகியது. அதற்கு முந்தின நாள்தான் அவனும் கலிஸ்தோவும் அக்கரையில் ஒரு கல்யாணக் கச்சேரிக்குப் போயிருந்தார்கள். புறப்படுமுன் தோன்யா எமெரித்தா ஒரு பாட்டில் நிறையக் கொய்யா இலைத் தண்ணீர் கொடுத்தனுப்பினாள். பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. மழை கொட்டக் கொட்ட எதெல்வினா ஓலைத் தடுப்புக்குள் அடுப்பை மூட்டினாள். பெஞ்சு காலியாக நனைந்துகொண்டிருந்தது.

"கட்டு அவிழ்ந்துடுச்சு போல" என்று யாரோ சொன்னார்கள். "அக்கரையில கச்சேரி பாக்க வந்த பொண்ணுங்க ஒண்ணு ரெண்டா!"

எதெல்வினா குவளையைக் கழுவினாள். கழுவிய குவளையை மறுபடி கழுவினாள். நான் பார்க்காத மாதிரி அடையைத் திருப்பினேன்.

பதினொரு மணிக்கு அவன் வந்தான். இடுப்புவரை சேறு, ஒரு செருப்பு இல்லை. பின்னால் என் புருஷன் மேளத்தைத் தலையில் சுமந்துகொண்டு, எல்லாச் சாமியையும் திட்டிக்கொண்டு. பண்ணைக்காரன் ஒருவனின் படகைக் கெஞ்சி வாங்கி, மேட்டுப் பக்கமாகச் சுற்றி, மூன்று மணி நேரம் நடந்திருக்கிறார்கள். எவேலியோ நேரே கறிக்கடைக்குப் போய், "பாட்டில் ஆத்துல போயிடுச்சு தோன்யா" என்று மன்னிப்புக் கேட்டு, இலைத் தண்ணீர் குடித்து, நாக்கைக் காட்டிவிட்டு, நனைந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தான்.

தோன்யா எமெரித்தா கடைவாசலில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தில் ஒரு குழப்பம். அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, "நூரிஸ், இருபத்தாறு நாளைக்குப் பாதிக்கு மேல விட்டிருக்கணும். நாக்குல ஒண்ணுமே இல்லை, குழந்தை நாக்கு மாதிரி இருக்கு. அப்புறம் எதுக்குடி இவன் ஆத்தைத் தாண்டி வர்றான்?" என்றாள்.

"நீங்கதான் சொல்லணும் தோன்யா."

"எங்க வீட்டு ஆளு மழை பெஞ்சா பக்கத்து அறைக்கே வர மாட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாற்பத்தோராவது நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. பூசை முடிந்து கோயிலே மரத்தடிக்கு வந்துவிட்டது எனலாம். வாயேதுபார் பேருந்து ஓட்டுநர் நூறடி தள்ளி நிறுத்தியிருந்த வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்து மரத்தின் நிழலிலேயே நிறுத்தினார். பயணிகள் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. தோன்யா எமெரித்தா கறுப்புப் பட்டுடுப்பில் வந்தாள். எவேலியோவின் நாக்கையும் கண்ணையும் கடைசி முறையாகப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"கட்டு இல்லை. எள்ளளவும் இல்லை. என் தாயார் மேல ஆணை" என்றாள்.

எவேலியோ பெஞ்சிலிருந்து எழுந்தான். முகம் வெளிறியிருந்தது. யாரோ பின்னாலிருந்து அக்கார்டியனை நீட்டினார்கள்.

"அதைக் கீழ வைங்க" என்றாள் எதெல்வினா.

வைத்தார்கள். அவன் கைகள் எங்கே போவது என்று தெரியாமல் தொங்கின. கலிஸ்தோ என் காதருகில், "செத்தான்" என்றான்.

"முதல் வாரம் தலை வலிச்சது" என்று எவேலியோ தரையைப் பார்த்துச் சொன்னான். "அது காப்பிக்கு. ரெண்டாவது வாரம் வலி நின்னுடுச்சு. காப்பி ஞாபகமே இல்லை. ஆனாலும் கால் இங்கதான் வந்துச்சு." நிறுத்தினான். "காலையில நீ அடுப்பு மூட்டும்போது ஈர விறகைத் திட்டுவ. 'சோம்பேறிப் பயலே, உங்க அப்பன் மரமும் இப்படித்தான் புகைஞ்சான்'னு. அதைக் கேக்கத்தான் ஆறு வருஷமா முதல் ஆளா வந்தேன். காப்பி வாங்கினது, சும்மா நின்னா நீ என்னன்னு கேப்பியேன்னுதான்." இப்போது நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "என்னைக் கட்டிக்கோ எதெல்வினா. வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை."

"சத்தமா சொல்லுடா, பின்னாடி கேக்கலை!" என்று பேருந்து ஓட்டுநர் கத்தினார். தோன்யா எமெரித்தா ஒரே பார்வையில் அவரை அடக்கினாள். அவள் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை.

எதெல்வினா என் பக்கம் திரும்பினாள். காது மடல்வரை சிவந்திருந்தது. "கொமாத்ரே, விறகை நான் அப்படியா திட்டுறேன்?"

"கெட்ட வார்த்தையை எல்லாம் விட்டுட்டுச் சொல்றான்" என்றேன்.

அவள் சிரித்தாள். அந்த ஏப்ரல் மாதத்துக்குப்பின் நான் பார்த்த முதல் சிரிப்பு. புதுத் துணியில் காப்பியை வடித்தாள். முதல் குவளையைத் தோன்யா எமெரித்தாவிடம் நீட்டினாள். தோன்யா வாங்கிக் குடித்தாள், பாதியில் நிறுத்தி, "இவ்வளவு நல்லாவா இருக்கும்?" என்று யாரிடமோ கேட்பதுபோல முணுமுணுத்துவிட்டு மீதியையும் குடித்தாள். அதற்குப்பின் பானை காலியாக எத்தனை நேரம் ஆகும்?

எவேலியோ கையை நீட்டினான்.

"உனக்கு இங்க இல்லை" என்றாள் எதெல்வினா. "அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வீட்டுக்கு வா. தலை சீவிக்கிட்டு வா. அங்க குடிக்கலாம்."

பருத்தி எடுப்பு முடிந்து பிப்ரவரியில் கல்யாணம். என் புருஷன் மேளம் அடித்தான், மாப்பிள்ளையே அக்கார்டியன் வாசித்தான். தோன்யா எமெரித்தா ஒரு முழுக் கன்றுக்குட்டி கொடுத்தாள். அதோடு ஒவ்வொரு காலையும் கறிக்கடை திறக்குமுன் மரத்தடிக்கு வந்து நின்று காப்பி வறுக்கக் கற்றுக்கொண்டாள். அவள் புருஷன் இப்போது வீட்டில்தான் குடிக்கிறார். வாயேதுபார் சீமாட்டிக்கு எதெல்வினா ஒரு கடிதம் எழுதப் பார்த்தாள். பெயரும் விலாசமும் தெரியவில்லை. அந்த ஒரு குறை அவளுக்கு உண்டு.

ஊர் நம்பிக்கையை விட்டுவிட்டதா என்றால், அதெல்லாம் இல்லை. பாவாடைக் காப்பி பலிக்கும் என்றுதான் இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள், எதெல்வினா உட்பட. ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் இப்போது கேட்டு வருகிறவனிடம் முதலில், "நாப்பது நாள் காப்பி குடிக்காம வந்து உக்காரு, பாக்கலாம்" என்கிறார்கள். பாதிப் பேர் ஒரு வாரத்தில் காணாமல் போகிறார்கள்.

எவேலியோ அதற்குப்பின் எத்தனையோ பாட்டுக் கட்டினான். எதிலும் அவள் பெயர் வராது. அது அவள் போட்ட சட்டம். முதல் பாட்டைப் பாட மட்டும் தடையில்லை. அது அவ்வளவு நல்ல பாட்டு, தடை போட அவளுக்கே மனசு வரவில்லை. இப்போதும் தூர தேசத்து லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தி, பயமும் ஆசையுமாக, "இங்க எதெல்வினாங்கிறது யாரும்மா?" என்று கேட்கிறார்கள்.

அவள் காப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னைக் கை காட்டிவிடுகிறாள். அவர்கள் என் சட்டியையும் என் பாவாடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யோசித்து, ஒரு சோள அடை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.